சிங்கப்பூர் – நியூயார்க்: தூரம் 15,350 கி.மீ., நேரம் எவ்வளவு?

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் ஜே.எஃப்.கே. விமான நிலையம் எவ்வளவு தூரம் என்று தேடினால், எந்தத் தளமும் 15,350 கிலோமீட்டரை ஒட்டி ஒரு எண்ணைக் காட்டும். அதன் கீழேயே 'பயண நேரம்' என்று இன்னொரு எண் இருக்கும். முதல் எண்ணை நம்பலாம். இரண்டாவது எண் பெரும்பாலும் அந்தத் தூரத்தை 800 அல்லது 900-ஆல் வகுத்து, அரை மணி சேர்த்துப் போட்டது. சென்னை – கோலாலம்பூர் மாதிரிக் குட்டிப் பயணத்துக்கு அந்தக் கணக்கு ஒத்துப்போகும். உலகத்தின் அந்தப் பக்கத்துக்குப் போகும்போது காலை வாரிவிடும்.

இடையில் எங்கும் இறங்காமல் போகும் பயணிகள் சேவைகளிலேயே நீளமானது இந்த சிங்கப்பூர் – ஜே.எஃப்.கே. தடம்தான். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இதை 2020 நவம்பர் 9-இல் தொடங்கியது. தூரமும் நேரமும் எங்கெல்லாம் பிரிகின்றன என்று பார்க்க இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

முதலில் அந்தத் தூரம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். பூமி உருண்டை. அதன் மேல் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஒரு நூலை இறுக்கிப் பிடித்தால் அது எந்த வழியாகப் படிகிறதோ அதுதான் மிகக் குறுகிய பாதை. அந்த நூலைச் சுவரில் மாட்டிய தட்டையான வரைபடத்தில் வரைந்தால் வில் போல வளைந்து தெரியும். சீட்டுக்கு முன்னால் இருக்கும் திரையைப் பார்த்து "ஏன் இப்படிச் சுத்திக்கிட்டுப் போறான்?" என்று கேட்பதற்குக் காரணம் இதுதான். சுற்றுவது விமானம் அல்ல, வரைபடம்.

கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். சென்னையிலிருந்து ஜே.எஃப்.கே.வுக்குப் போட்டுக் காட்டுகிறேன். சென்னை விமான நிலையம் வடக்கு 12.99, கிழக்கு 80.17 பாகை. ஜே.எஃப்.கே. வடக்கு 40.64, மேற்கு 73.78. மேற்கு என்றால் கழித்தல் குறி, எனவே தீர்க்கரேகை வித்தியாசம் 80.17 + 73.78 = 153.95 பாகை. இரண்டு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைப் பெருக்குங்கள்: 0.2248 × 0.6513 = 0.1464. பிறகு அவற்றின் கோசைன் மதிப்புகளையும் தீர்க்கரேகை வித்தியாசத்தின் கோசைனையும் சேர்த்துப் பெருக்குங்கள்: 0.9744 × 0.7588 × (−0.8984) = −0.6643. இரண்டையும் கூட்டினால் −0.5179. எந்தக் கோணத்துக்கு இந்தக் கோசைன் வரும் என்று கால்குலேட்டரைக் கேட்டால் 121.19 பாகை என்று சொல்லும். ஒரு பாகைக்கு 111.19 கி.மீ. பெருக்கினால் 13,475 கி.மீ. அவ்வளவுதான்.

இதில் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் மூன்று. எக்செல்லில் போட்டால் அது கோணத்தை ரேடியனில் (கோணத்தை அளக்கும் இன்னொரு அலகு) எதிர்பார்க்கும். பாகையை அப்படியே கொடுத்தால் சம்பந்தமே இல்லாத விடை வரும், ஆனால் பிழை என்று எதுவும் காட்டாது. இரண்டாவது, மேற்குத் தீர்க்கரேகைக்குக் கழித்தல் குறி போட மறப்பது. அப்படி மறந்தால் நியூயார்க் ஆசியாவுக்கு வந்துவிடும். மூன்றாவது, 12 பாகை 59 நிமிடம் என்று எழுதியிருப்பதை 12.59 என்று தட்டச்சு செய்வது. 59 நிமிடம் என்பது 0.98 பாகை. இந்த ஒரு தவறிலேயே 44 கி.மீ. போய்விடும். பூமி கச்சிதமான கோளம் இல்லை என்பதால் (பூமத்திய ரேகையில் ஆரம் 6,378 கி.மீ., துருவத்தில் 6,357) இந்த முறையில் அரை சதவீதம் வரை முன்பின் இருக்கும். தளத்துக்குத் தளம் பத்து இருபது கி.மீ. வித்தியாசம் வருவது அதனால்தான். மைல் கணக்கில் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: விமானிகள் பேசுவது கடல் மைல், அதாவது 1.852 கி.மீ. சாதாரண மைல் 1.609. இரண்டையும் குழப்பினால் 15 சதவீதம் காணாமல் போகும்.

இப்போது சிங்கப்பூருக்குத் திரும்புவோம். சாங்கிக்கும் ஜே.எஃப்.கே.வுக்கும் தீர்க்கரேகை வித்தியாசம் கிட்டத்தட்ட 178 பாகை, ஏறக்குறைய உலகத்தின் நேர் எதிர்ப்பக்கம். அதனால் இறுக்கிப் பிடித்த நூல் நேராக வடக்கே ஏறும்: தாய்லாந்து வளைகுடா, சீனா, மங்கோலியா, சைபீரியா, வட துருவத்திலிருந்து சுமார் 280 கி.மீ. தள்ளி ஆர்க்டிக், பிறகு கனடா வழியாக நேராகக் கீழே நியூயார்க். காகிதத்தில் அழகான பாதை.

நியூயார்க் போகும் விமானம் வழக்கமாக இந்தப் பாதையைத் தொடுவதில்லை. அது ஜப்பான் பக்கமாக ஏறி, வட பசிபிக்கைக் கடந்து, வட அமெரிக்காவின் குறுக்கே போகிறது. பக்கத்திலுள்ள நெவார்க்குக்கான சேவையை 2018-இல் மீண்டும் தொடங்கியபோது நிறுவனம் அறிவித்த பறக்கும் தூரம் சுமார் 16,700 கி.மீ. நெவார்க்குக்கு நேர்த்தூரமோ 15,344 கி.மீ.தான். ஆயிரத்து முன்னூறு கிலோமீட்டருக்கு மேல் கூடுதலாகப் பறக்க யாருக்கும் பைத்தியம் இல்லை. காரணம் காற்று.

10 முதல் 12 கி.மீ. உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் வேகக் காற்றோட்டத்தை ஜெட் ஸ்ட்ரீம் என்கிறோம். குளிர்காலத்தில் ஜப்பானுக்கும் வட பசிபிக்குக்கும் மேலே அது மணிக்கு 200, 300 கி.மீ. வேகத்தைத் தொடும். விமானம் தன்னைச் சுற்றியுள்ள காற்றைப் பொறுத்துத்தான் வேகம் வைத்துக்கொள்கிறது. ஏர்பஸ் ஏ350 போன்ற விமானம் மாக் 0.85-இல், அதாவது ஒலியின் வேகத்தில் 85 சதவீதத்தில் பறக்கும்; அந்த உயரத்தின் குளிரில் அது மணிக்குச் சுமார் 900 கி.மீ. காற்று பின்னாலிருந்து தள்ளினால் அதைக் கூட்ட வேண்டும், எதிர்த்து வந்தால் கழிக்க வேண்டும்.

எண்களைப் போட்டுப் பாருங்கள். 15,350 கி.மீ. பாதையில் சராசரியாக மணிக்கு 50 கி.மீ. எதிர்க்காற்று என்றால் 850-ஆல் வகுக்க வேண்டும்: 18 மணி நேரம். 16,700 கி.மீ. பாதையில் சராசரியாக 100 கி.மீ. பின்காற்று கிடைத்தால் 1,000-ஆல் வகுக்கிறோம்: 16 மணி 42 நிமிடம். நீளமான பாதை ஒன்றேகால் மணி நேரம் முந்திவிட்டது. எரிபொருளும் அந்த அளவுக்கு மிச்சம். விமானத்துக்கு எரிபொருள் கிலோமீட்டர் கணக்கில் செலவாவதில்லை, மணிக்கணக்கில்தான் எரிகிறது.

இதை இந்தியாவிலிருந்தே ஒரு நிறுவனம் செய்து காட்டியிருக்கிறது. டெல்லி – சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் வழியாக ஓட்டிக்கொண்டிருந்த ஏர் இந்தியா, 2016 அக்டோபரில் அதைப் பசிபிக் பக்கம் திருப்பியது. தூரம் சுமார் 13,900 கி.மீ.யிலிருந்து 15,300 கி.மீ. ஆகக் கூடியது. பறந்த நேரமோ சுமார் பதினான்கரை மணி. பழைய பாதையைவிடக் கணிசமாகக் குறைவு.

'பூமி சுழல்வதால்தான் ஒரு பக்கம் சீக்கிரம் போகிறது' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் விளக்கத்தை விட்டுவிடுங்கள். பூமியோடு சேர்ந்து காற்றும் விமானமும் சுழல்கின்றன. அந்த விளக்கம் உண்மையானால், மேற்கே போகிறவர்கள்தான் சீக்கிரம் சேர வேண்டும், நடப்பது நேர்மாறு. துபாயிலிருந்து ஜே.எஃப்.கே.வுக்குச் சுமார் 11,000 கி.மீ.; போக ஏறக்குறைய 14 மணி, திரும்ப பன்னிரண்டரை. விமானம் ஒன்றே, தூரம் ஒன்றே. 2019 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து லண்டன் போன ஒரு போயிங் 787 விமானம், ஜெட் ஸ்ட்ரீமில் ஏறி, தரையைப் பொறுத்து மணிக்கு 1,289 கி.மீ. தொட்டது. அப்போதும் அது ஒலியின் வேகத்தைத் தாண்டவில்லை, ஏனென்றால் காற்றைப் பொறுத்து அதன் வேகம் வழக்கமானதுதான்.

ஜே.எஃப்.கே.யிலிருந்து திரும்பி வரும் விமானத்துக்கு நிரந்தரப் பாதை என்று ஒன்று இல்லை. அன்றைய காற்றைப் பார்த்து, துருவத்தை ஒட்டியும் வரலாம். சில நாள் அட்லாண்டிக், ஐரோப்பா, இந்தியா வழியாக வரும். பின்னது நடக்கும் நாளில் அந்த வேடிக்கையைக் கவனியுங்கள்: போகும்போதும் கிழக்கே, வரும்போதும் கிழக்கே. இரண்டு வழியிலும் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு உலகத்தையே ஒரு சுற்று சுற்றி முடித்திருக்கும்.

துருவத்தை ஒட்டி வரும் நாட்களில் இன்னொரு தலைவலி உண்டு. சிங்கப்பூரில் நிரப்புவது ஜெட் ஏ-1 எரிபொருள். அது உறையும் வரம்பு −47 டிகிரி. அமெரிக்காவில் கிடைப்பது பெரும்பாலும் ஜெட் ஏ; அதன் வரம்பு −40. வெளியே −65 டிகிரி குளிரில் பல மணி நேரம் பறந்தால் இறக்கைக்குள் இருக்கும் எரிபொருளின் வெப்பநிலை மெல்ல மெல்ல இறங்கும். வரம்பை நெருங்கினால் விமானி கீழே இறங்குவார், அல்லது வேகத்தைக் கொஞ்சம் கூட்டி உராய்வில் இறக்கையைச் சூடாக்குவார், அல்லது வெதுவெதுப்பான காற்று இருக்கும் பக்கம் திரும்புவார். மூன்றுமே கணக்கிட்ட நேரத்தை மாற்றும்.

இப்படிப்பட்ட மிக நீண்ட தடங்களுக்கென்றே ஏர்பஸ் ஏ350-900 யு.எல்.ஆர். (அல்ட்ரா லாங் ரேஞ்ச்) என்று ஒரு வகை செய்யப்பட்டது. உலகத்தில் இருப்பது ஏழே ஏழு; எல்லாமே சிங்கப்பூர் ஏர்லைன்ஸிடம். 1,65,000 லிட்டர் எரிபொருள் பிடிக்கும்; சாதாரண ஏ350-900-இல் சுமார் 1,41,000. இதற்காகக் கூடுதல் தொட்டி எதையும் வைக்கவில்லை, இருக்கும் தொட்டிகளிலேயே அதிகம் நிரப்பும்படி குழாய் அமைப்பை மாற்றினார்கள். முழுதாக நிரப்பினால் எரிபொருள் மட்டும் 132 டன் வரும். மேலெழும்பும்போது அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 280 டன். கிட்டத்தட்ட பாதி எடை எரிபொருள்தான். அந்தப் பாதியைத் தூக்கிக்கொண்டு போகவே முதல் சில மணி நேரங்களில் ஏகப்பட்ட எரிபொருள் செலவாகும். அதனால் மற்ற எடையைக் குறைத்தார்கள்: முன்பக்கச் சரக்கறை மூடப்பட்டது, இருக்கைகள் 161 மட்டும் (பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94). எகானமி வகுப்பே கிடையாது. இதே நிறுவனத்தின் வழக்கமான நெடுந்தூர ஏ350-இல் 253 இருக்கைகள். டிக்கெட் விலை ஏன் அப்படி இருக்கிறது என்ற கேள்விக்கு இதில் பாதி பதில் இருக்கிறது. இதற்கு முன் 2004 முதல் 2013 வரை நெவார்க்குக்கு நான்கு இன்ஜின் ஏ340-500 ஓடியது. எரிபொருள் விலை ஏற ஏற அதன் கணக்கு உதைத்தது, நிறுத்திவிட்டார்கள்.

சென்னை – நியூயார்க் நேரடி விமானம் ஏன் இல்லை என்று கேட்பவர்களுக்கு: 13,475 கி.மீ. இன்றைய விமானங்களுக்கு எட்டாத தூரம் இல்லை. தினமும் போதுமான பேர் பிசினஸ் வகுப்பில் ஏறுவார்களா என்பதுதான் கேள்வி, பொறியியல் அல்ல.

காற்றுக்கு அடுத்து நேரத்தைத் தீர்மானிப்பது வானத்து எல்லைகள். 2022-இல் ஐரோப்பிய நிறுவனங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்டதும், ஹெல்சின்கி – டோக்கியோ பயணம் ஒன்பது ஒன்பதரை மணியிலிருந்து பதின்மூன்று மணியாக நீண்டது. அந்த விமானங்கள் துருவத்தைச் சுற்றிப் போகத் தொடங்கின. நேர்த்தூரம் அதே 7,850 கி.மீ.தான், ஒரு கிலோமீட்டர்கூட மாறவில்லை. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியபோது, டெல்லியிலிருந்து வட அமெரிக்கா போகும் ஏர் இந்தியா விமானங்கள் சில வியன்னாவிலும் கோபன்ஹேகனிலும் இறங்கி எரிபொருள் நிரப்பிப் போக வேண்டி வந்தது. 'நான்‌ஸ்டாப்' என்று வாங்கிய டிக்கெட்டில் ஒரு ஸ்டாப். தடை இந்திய விமானங்களுக்கு மட்டும் என்பதால் அதே தடத்தில் மற்ற நாட்டு நிறுவனங்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. டிக்கெட் எடுக்குமுன் தூரத்தைப் பார்ப்பதைவிட, எந்த நாட்டு நிறுவனம் என்று பார்ப்பது சில சமயம் பயனுள்ளது.

டிக்கெட்டில் அச்சாகும் நேரம் பறக்கும் நேரம் அல்ல. விமானம் கேட்டை விட்டு நகர்வதிலிருந்து மறுமுனையில் கேட்டில் நிற்கும் வரை உள்ள மொத்தம் அது. ஜே.எஃப்.கே.யில் மாலை நெரிசலில் ரன்வேக்கு வரிசையில் நிற்பதே அரை மணி ஆகலாம்; அதையும் சேர்த்து, தாமதத்துக்குக் கொஞ்சம் இடமும் விட்டுத்தான் நிறுவனங்கள் நேரம் போடும். 'முக்கால் மணி முன்னதாகவே இறங்கிவிட்டோம்' என்று அறிவிப்பு வருவது இதனால்தான். உண்மை நிலவரம் வேண்டுமென்றால், ஃப்ளைட்ரேடார்24 போன்ற தளத்தில் விமான எண்ணைப் போட்டு, கடந்த சில நாட்கள் எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்கு இறங்கியது என்று பாருங்கள். உங்கள் பயணம் ஜனவரியில் என்றால் ஜூலை மாத நேரம் உதவாது.

கையால் மதிப்பிட வேண்டுமென்றால்: தூரத்தை 850-ஆல் வகுத்து 35 நிமிடம் சேருங்கள். சென்னை – சிங்கப்பூர் 2,920 கி.மீ.; நாலு மணி வரும், சரியாக இருக்கும். பத்து மணிக்கு மேற்பட்ட பயணம் என்றால் கிழக்கே போகும்போது அரை மணியிலிருந்து ஒரு மணி வரை கழியுங்கள், மேற்கே போகும்போது அதே அளவு கூட்டுங்கள்.

இதே கணக்கை வைத்து, சென்னையிலிருந்து நியூயார்க் போக எந்த வழி நல்லது என்றும் பார்க்கலாம். நேர்த்தூரம் 13,475. ஃப்ராங்க்ஃபர்ட் வழி 7,600 + 6,190, அதாவது 13,790. துபாய் வழி 2,930 + 11,000 = 13,930. இரண்டுமே நேர்க்கோட்டிலிருந்து ஐந்நூறு கி.மீ.கூட விலகவில்லை. சிங்கப்பூர் வழி 2,920 + 15,350 = 18,270; முப்பத்தைந்து சதவீதம் அதிகம். முதலில் கிழக்கே போய்விட்டுப் பிறகு சுற்றுகிறோம். விமானத்தில் உட்காரும் நேரம் மட்டும் துபாய் வழியாகப் பதினெட்டேகால் மணி, சிங்கப்பூர் வழியாக இருபத்து மூன்று. நீளமான பயணத்தில் ஒரே தூக்கம் போட வேண்டும், இருக்கை அகலமாக வேண்டும் என்பவர்களைத் தவிர, சென்னைக்காரர்களுக்கு அந்த வழியை என்னால் பரிந்துரைக்க முடியாது. சிங்கப்பூரிலேயே இருப்பவர்கள் கதை வேறு.

கடிகாரத்துக்கு வருவோம். மக்கள் உண்மையில் ஏமாறுவது இங்கேதான். 2020-இல் ஜே.எஃப்.கே. சேவைக்கு அறிவித்த நேரத்தை எடுத்துக்கொள்வோம்: சிங்கப்பூரில் 02:25-க்குக் கிளம்பி, அதே தேதி 07:30-க்கு நியூயார்க். பார்த்தால் ஐந்து மணிப் பயணம். திரும்பும்போது 22:30-க்குக் கிளம்பி, இரண்டு நாள் கழித்து 06:10-க்கு சிங்கப்பூர். பார்த்தால் 32 மணிப் பயணம். இரண்டும் பொய்த்தோற்றம். இரண்டு முனைகளையும் உலகப் பொது நேரத்துக்கு (யு.டி.சி.) மாற்றிவிட்டுக் கழிக்க வேண்டும். சிங்கப்பூர் நேரத்தில் 8 மணி கழித்தால் முந்தைய நாள் 18:25. நியூயார்க் குளிர்கால நேரத்தோடு 5 மணி கூட்டினால் 12:30. இடையில் 18 மணி 5 நிமிடம். திரும்பும் வழி 03:30-லிருந்து 22:10 வரை: 18 மணி 40 நிமிடம். இன்றைய அட்டவணையில் நிமிடங்கள் மாறியிருக்கும், முறை இதேதான். சென்னைக்கு ஐந்தரை மணி கழிக்க வேண்டும். அந்த அரை மணியை விட்டுவிடுவது சகஜம்.

இறங்கும் நேரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் '+2' (இரண்டு நாள் கழித்து) என்ற குறியைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வெள்ளி இரவு நியூயார்க்கில் ஏறினால் ஞாயிறு காலைதான் சிங்கப்பூர். சனிக்கிழமைக்கு ஹோட்டல் போட்டிருந்தால் பணம் போச்சு. இதைவிட மோசமானது நள்ளிரவு தேதி. டிக்கெட்டில் '10-ஆம் தேதி 02:25' என்றிருந்தால் 9-ஆம் தேதி இரவு பத்தரை, பதினொரு மணிக்கே சாங்கியில் இருக்க வேண்டும். 10-ஆம் தேதி இரவு பெட்டியோடு போய் நின்றால் விமானம் போய் ஏறக்குறைய ஒரு நாள் ஆகியிருக்கும். சென்னையிலிருந்து வளைகுடா, ஐரோப்பா போகும் விமானங்கள் பலவும் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவே கிளம்புவதால், இந்தத் தவறு இங்கிருந்து போகிறவர்களுக்கும் அடிக்கடி நடக்கும்.

நியூயார்க்கோடு நிற்காமல் டல்லாஸ், அட்லாண்டா என்று போகிறவர்கள், அமெரிக்காவில் முதலில் இறங்கும் இடத்தில்தான் இமிக்ரேஷன் முடிக்க வேண்டும். பெட்டியை பெல்ட்டிலிருந்து எடுத்து, கஸ்டம்ஸ் தாண்டி, மறுபடி ஒப்படைக்க வேண்டும். டிக்கெட் தளம் ஒன்றரை மணி இடைவெளி உள்ள கனெக்‌ஷனை 'செல்லும்' என்று காட்டினாலும் மூன்று மணிக்குக் குறைந்து எடுக்காதீர்கள். அபுதாபி வழியாகப் போனால் அமெரிக்க இமிக்ரேஷனை அங்கேயே முடித்துவிடுவார்கள். அமெரிக்காவில் உள்நாட்டுப் பயணிபோல வெளியே வரலாம்.

மார்ச் மாதத்தில் பயணம் என்றால் இன்னொன்றும் பாருங்கள். அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறே கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளிவிடும். ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறு வரை காத்திருக்கும். இடைப்பட்ட அந்த இரண்டு மூன்று வாரங்களில் ஃப்ராங்க்ஃபர்ட் – நியூயார்க் வித்தியாசம் ஆறு மணி அல்ல, ஐந்து. இலையுதிர்காலத்திலும் அக்டோபர் கடைசி ஞாயிறிலிருந்து நவம்பர் முதல் ஞாயிறு வரை ஒரு வாரம் இதே கதை. விமான நிறுவனத்தின் அட்டவணை இதைக் கணக்கில் எடுத்திருக்கும். உங்களை அழைத்துப்போக ஜே.எஃப்.கே.வுக்கு வரும் சொந்தக்காரர் எடுத்திருக்க மாட்டார். அவருக்கு இறங்கும் நேரத்தை நியூயார்க் நேரத்திலேயே எழுதி அனுப்புங்கள்.